நாலாவது வயல்

அம்மாவுக்கு இனிப்புநீர் வந்த பிறகு எங்கள் வீட்டுப் பசியாறல் மாறிப்போனது. தோசையும் இட்டிலியும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுங்கிக்கொண்டன. மற்ற நாள்களில் ஓட்ஸ் கஞ்சிதான். சின்ன வெங்காயம், சீரகம், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டுத் தம்பி கிண்டுவான். முதல் வாரம் அம்மா கரண்டியைத் தொடவே இல்லை. "துரை வீட்டுக் குதிரை தின்னதை எனக்குப் போடுறீங்களா?" என்று கேட்டார். இப்போது தம்பி இரண்டு நாள் வெளியூர் போனால், கஞ்சி யார் வைப்பது என்பதுதான் அவருடைய முதல் கவலை.

போன மாதம் நான் சுங்கை சிப்புட் வீட்டுக்குப் போயிருந்தபோது தம்பி புதுப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தான். பிரித்தவன் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, "ஆஸ்திரேலிய ஓட்ஸுன்னு போட்டிருக்கு. அண்ணே, இதுல நீ விதைச்சது எதுவும் இருக்கா?" என்று கேட்டான்.

"இல்லப்பா" என்றேன். சட்டென்று சொல்லிவிட்டேனே தவிர, அந்த "இல்ல"வுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதில் பாதி எனக்குத் தெரியும். மீதிப் பாதி அவனுக்குத்தான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

2005இல் உபகாரச் சம்பளம் கிடைத்து முதுகலை படிக்க அடிலெய்டு போனேன். வெயிட் வளாகம் நகரத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. நான் புள்ளியியல் படித்தவன். பயிர் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ரப்பரும் செம்பனையும்தான். ஓட்ஸ் செடியை முதன்முதலாகப் பார்த்தபோது நெல்லுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்போல் இருந்தது. நெற்கதிர் கனத்தால் ஒரு பக்கமாகத் தலைகுனியும். ஓட்ஸ் கதிரோ கிளைகிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் ஒரு மணித்தொங்கலோடு காற்றில் ஆடும்.

அங்கே எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, ஒரே குடும்பத்து ஓட்ஸ்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. குடும்பம் என்று சும்மா சொல்லவில்லை. இரண்டு தாய் ரகங்களைக் கலப்பார்கள். பிறக்கும் செடிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தன் மகரந்தத்திலேயே கருவுறவிட்டு, ஒவ்வொரு நல்ல கதிரையும் தனித்தனி வரிசையாக விதைத்துக்கொண்டே வருவார்கள். ஐந்தாறு தலைமுறை கழிந்தால் ஒவ்வொரு வரிசையும் தனக்குள் ஒரே மாதிரி ஆகிவிடும். பக்கத்து வரிசையோடு பெரும்பாலும் ஒத்திருக்கும், சில இடங்களில் மட்டும் வேறுபடும். பெயர் சூட்டப்பட்டு விவசாயியிடம் போகும்வரை இவற்றுக்கு எண் மட்டும்தான். "லைன்" என்று அழைப்பார்கள். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டின் "லயம்" என்ற சொல்லும் அதே ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்ததுதான். லயத்தில் பிறந்தவன் லைன்களை எண்ணப் போயிருக்கிறான் என்று அப்பாவுக்கு எழுதியபோது அவர் சிரித்தாராம்.

தேறிவந்த ரகங்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். எக்கிட்னா, வல்லரூ, பொட்டரூ, நம்பட், குவோல், போசம். எல்லாம் அந்த நாட்டு விலங்குகளின் பெயர்கள். விதைக் கடைக்குப் போனால் விலங்குக்காட்சிச் சாலைக்குப் போனதுபோல் இருக்கும்.

என் குடும்பத்தில் இரண்டு பேரை நான் மறக்கவே இல்லை. 17, 42. ஒரே கலப்பில் பிறந்த அக்காவும் தங்கையும். 17 குட்டை. கனடாவில் கண்டறியப்பட்ட ஒரு குட்டை மரபணு அதற்கு வாய்த்திருந்தது. அந்த மரபணுவால் தண்டு கட்டையாகும். மழையும் உரமும் தாராளமாகக் கிடைக்கும் வயலில் நெட்டை ஓட்ஸ் தன் கனம் தாங்காமல் சாய்ந்து படுத்துவிடும். குட்டை நின்று காய்க்கும். 42க்கு அந்த மரபணு இல்லை. இடுப்புக்கு மேலே வளரும். பார்க்க ஒல்லியாக, கொஞ்சம் சோம்பேறிபோல் இருக்கும்.

நாலு இடங்களில் விதைத்தோம். ஒன்று தென்கிழக்கில், மழை வளமான நிலம். இரண்டு, அடிலெய்டுக்கு வடக்கே நடுத்தர மழை பெறும் கோதுமை நிலங்கள். நாலாவது, மல்லி. மல்லி என்றதும் நமக்குக் கொத்தமல்லி ஞாபகம் வரும். அங்கே அது குட்டையாகப் புதர்போல் வளரும் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தின் பெயர். அந்த மரங்களை வெட்டிக் கழனியாக்கிய மணல்மேட்டுப் பிரதேசத்துக்கும் அதே பெயர். ஆண்டுக்கு ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் மழை. ஈப்போவில் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். நம் ஊரில் இரண்டு மாதத்தில் கொட்டுவதை வைத்துக்கொண்டு அவர்கள் ஓர் ஆண்டை ஓட்டுகிறார்கள்.

ஒரு லைன் நல்லதா என்று கேட்டால் எங்கே என்று திருப்பிக் கேட்க வேண்டும். இதைக் கணக்காக மாற்றிய இருவர் நான் படித்த அதே வெயிட் வளாகத்தில் வேலை பார்த்தவர்கள். பின்லே, வில்கின்சன். 1963இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை 277 வகை பார்லியைப் பற்றியது. எளிமையான யோசனைதான். ஒரு வயலில் விதைத்த எல்லா ரகங்களின் சராசரி விளைச்சலையே அந்த வயலின் தரமாக எடுத்துக்கொள்வது. பிறகு ஒவ்வொரு ரகமும், வயல் மட்டமாக இருந்தபோது எவ்வளவு கொடுத்தது, நன்றாக இருந்தபோது எவ்வளவு கொடுத்தது என்று கோடு போடுவது. கோடு செங்குத்தாக ஏறினால் அந்த ரகம் நல்ல இடத்தில் பொங்கும், கெட்ட இடத்தில் சுருங்கும். கோடு படுத்திருந்தால் எங்கே போட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு.

ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். மூன்று வயல்களின் சராசரி, ஹெக்டருக்கு 1, 2, 4 டன் என்று வையுங்கள். அக்கா அவற்றில் 0.5, 2, 5 டன் கொடுக்கிறாள். தங்கை 1.3, 2, 3.2 டன். மூன்றையும் கூட்டி வகுத்தால் அக்காவுக்கு 2.5, தங்கைக்கு 2.2. பரிசு அக்காவுக்கு. ஆனால் முதல் வயலுக்குச் சொந்தக்காரன் இந்தப் பரிசளிப்பு விழாவுக்கு வருவானா?

படுத்த கோடுதான் சிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மோசமாக விளைவதும் நிலையான விளைச்சல்தான். அப்படிப்பட்ட லைன்கள் எங்களிடம் ஏராளம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கவலையே படாத, ஒன்றுக்கும் உதவாத நிதானசாலிகள்.

2006இல் மழை கைவிட்டது. ஆஸ்திரேலியா முழுவதும் அந்த ஆண்டுப் பயிர் சரிந்தது. மே, ஜூனில் விதைத்துவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கதிர் கட்டுகிற செப்டம்பர், அக்டோபரில் வரவேண்டிய மழை வரவே இல்லை. தென்கிழக்கில் ஓரளவு தாக்குப்பிடித்தது. மல்லியில் அறுவடைக்குப் போனபோது பாத்திகளுக்கு நடுவே மணல்தான் அதிகம் தெரிந்தது. சிறிய அறுவடை இயந்திரத்தின் பின்னால் நடந்து, ஒவ்வொரு பாத்தியின் தானியத்தையும் எண் எழுதிய பையில் பிடிப்பது என் வேலை. ஓட்ஸ் தூசி கழுத்தில் பட்டால் நாள் முழுவதும் அரிக்கும். ஒவ்வொரு லைனும் மூன்று பாத்திகளில் இருந்தது. 17இன் மூன்று பைகளும் ஏறக்குறைய வெறும் பைகள்.

அடிலெய்டு திரும்பிக் கணினியில் எல்லாவற்றையும் ஏற்றினேன். மற்ற மூன்று வயல்களிலும் 17 முன்னணியில் நின்றது. நாலாவது வயலையும் சேர்த்தால் சராசரியில் 42க்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. கோடு போட்டுப் பார்த்தால் 17 செங்குத்தாக ஏறிப் பயமுறுத்தியது. எனக்கு 17 மேல் ஆசை. என் ஆய்வேட்டின் முடிவுரையையே மனசுக்குள் எழுதிவைத்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு சட்டம் கைகொடுத்தது. வயல் சோதனைகளில் பிழையின் அளவை வயலின் சராசரியால் வகுத்து விழுக்காட்டில் சொல்வார்கள். அது ஓர் எல்லையைத் தாண்டினால் அந்த வயலையே கணக்கிலிருந்து நீக்கிவிடுவது வழக்கம். நியாயமான வழக்கம்தான். கங்காரு மேய்ந்துவிட்டது, விதைக்கும் இயந்திரம் பாதியில் அடைத்துக்கொண்டது என்றால் அந்த எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாலாவது வயலின் விழுக்காடு எல்லையைத் தாண்டியிருந்தது. நீக்கினேன். "வறட்சி காரணமாக நம்பகமற்றது" என்று ஒரு வரி எழுதி அட்டவணையை மேற்பார்வைப் பேராசிரியரிடம் கொடுத்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: அந்த வயலை நீ கணக்கிலிருந்து எடுத்துவிட்டாய், அந்த விவசாயி எதிலிருந்து எடுப்பார்?

நான் ஏதோ வாதாடினேன். அவர் கோபப்படவில்லை. பாத்திகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

அடுத்த நாள் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். அறுத்த தாள்கட்டைகள் வெயிலில் வெள்ளையாக மின்னின. 17இன் பாத்தியில் குனிந்து பார்த்தேன். கதிர்கள் அங்கேயேதான் இருந்தன. அறுவடைக் கத்தி ஓடிய உயரத்துக்குக் கீழே, கணுக்காலுக்குச் சற்று மேலே. இயல்பாகவே குட்டையான செடி, தண்ணீர் இல்லாமல் இன்னும் சுருங்கியிருந்தது. அந்தக் குட்டை மரபணுவுக்கு இன்னொரு குணம் உண்டு: கதிர் உறையை விட்டு முழுதாக வெளியே வராது. பாதிக் கதிர் இலையுறைக்குள்ளேயே சிக்கியிருந்தது. இரண்டாவது பாத்தியிலும் அப்படித்தான், மூன்றாவதிலும் அப்படித்தான். கங்காரு இல்லை, இயந்திரக் கோளாறு இல்லை. மூன்று பாத்திகளும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தன. கேட்காதவன் நான்தான்.

பக்கத்தில் 42இன் தாள்கட்டை. அதன் கதிர்கள் கத்திக்கு எட்டியிருந்தன. மற்ற வயல்களில் இடுப்புக்கு மேலே வளர்ந்து சாய்ந்து என் பொறுமையைச் சோதித்த செடி, இங்கே முழங்காலளவு நின்று, இருந்ததைக் கொடுத்துவிட்டது.

நிலத்துக்காரர் டிரக்கை நிறுத்திவிட்டு வந்தார். அறுபது வயதிருக்கும். என்ன தேடுகிறாய் என்று கேட்டார். காட்டினேன். கீழே கிடந்த கதிர் ஒன்றை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். தானியம் நன்றாகத்தான் இருந்தது. "இது ஆடு மேய உதவும்" என்றார், ஒரு குறையும் இல்லாத குரலில். அவர் கத்தியைத் தரையோடு இறக்கி ஓட்டினால் கல்லும் மணலும் இயந்திரத்துக்குள் போகும். என் அட்டவணையில் "விளைச்சல்" என்றால் செடியில் இருக்கும் தானியமா, கைக்கு வந்த தானியமா என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

திரும்பி வந்த பிறகுதான் அந்த விழுக்காட்டின் சூட்சுமமும் புரிந்தது. பிழை எல்லா வயலிலும் 0.2 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 டன் விளையும் வயலில் அது 5 விழுக்காடு. அரை டன் விளையும் வயலில் அதே பிழை 40 விழுக்காடு. நம் வேலையில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், ஏழை வயல் என்பதற்காகவே அது எல்லையைத் தாண்டும். ஆக, இந்தச் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கையாண்டால் ஒவ்வோர் ஆண்டும் நாம் நீக்குவது மோசமான சோதனைகளை அல்ல, வறண்ட வயல்களை. மிஞ்சும் நல்ல வயல்களில் ஜெயிக்கும் ரகத்தை எடுத்து, வறண்ட வயல்காரனிடமும் சேர்த்து விற்போம்.

இன்னொன்றும் உண்டு, பின்லே–வில்கின்சன் முறையிலேயே. வயலின் தரத்தை மண்ணையோ மழையையோ அளந்து சொல்வதில்லை, அதில் விளைந்த ரகங்களின் சராசரியால் சொல்கிறோம். அவர்களிடம் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த 277 பார்லி வகைகள் இருந்தன. என்னிடம் இருந்தவை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த வீட்டுக்கே ஒரு பலவீனம் இருந்தால், ஒரு நோயைத் தாங்க முடியாதவர்கள் என்று வையுங்கள், அந்த நோய் வந்த வயலை "மட்டமான வயல்" என்று என் கணக்கு எழுதிவிடும். வயல் மேல் ஒரு குற்றமும் இருக்காது. அளக்கிற கோலையே அந்தக் குடும்பத்திலிருந்து ஒடித்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது ஆய்வேட்டின் நடுவில்தான் தெரிந்தது. வேறு குடும்பத்து ரகங்கள் சிலவற்றைச் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டேன். அதற்கே மூன்று மாதம் ஆனது.

இதையெல்லாம் தொலைபேசி அட்டை தேய்த்து அம்மாவிடம் சொன்னால் அவருக்கு எதுவுமே புதிதாக இல்லை. "அறுநூறு மரம் எல்லாம் ஒரே மரத்துக் கண்ணுதானே? அப்பாவோட பள்ளத்து நிரைக்கும் என்னோட மேட்டு நிரைக்கும் பால் ஒண்ணாவா இருந்துச்சு?" என்றார்.

அறுநூறு என்பது ஆர்.ஆர்.ஐ.எம். 600. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜாவாவில் இருந்து வந்த ஒரு ரகத்தையும் பிராங் புசார் தோட்டத்து ரகம் ஒன்றையும் கலந்து நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கியது. அந்தப் பிராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. என் ஓட்ஸ் அக்கா தங்கைகளாவது கொஞ்சம் வேறுபடுவார்கள். ஒட்டுக்கன்று அப்படியில்லை, எல்லாம் ஒரே மரம். அம்மா பால் வெட்டிய மேட்டு நிரையில் நல்ல மழைக்காலத்தில் பால் சுமாராகத்தான் வரும், ஆனால் வெயில் காலத்திலும் ஒரேயடியாகக் குறையாதாம். பள்ளத்தில் பெருகும், அங்கே தண்ணீர் தேங்கினால் ஒரு வாரம் வேலை இல்லை. பெரிய கிராணி இருவரின் வாளிகளையும் பக்கத்தில் வைத்து, "ஒரே மரம்தானே, உனக்கு மட்டும் ஏன் குறையுது?" என்று அம்மாவைக் கேட்பாராம். முப்பது வருடம் கழித்தும் அந்தக் கேள்வி அவருக்கு ஆறவில்லை.

அந்தத் தொலைபேசி உரையாடல் நடந்தது 2006 நவம்பரில். அம்மா வழக்கம்போல் பேசினார். அப்பாவைக் கேட்டேன். தூங்குகிறார் என்றார். தம்பி எங்கே என்றேன். வெளியே போயிருக்கிறான் என்றார்.

அக்டோபரிலேயே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. டிசம்பரில் விடுமுறைக்கு வந்து இறங்கியபோதுதான் எனக்குத் தெரியும். "ஒனக்கு அறுவடை, பரீட்சைன்னு இருந்துச்சு. சொல்லி என்னய்யா ஆகப்போவுது?" என்றார் அம்மா. அப்பாவின் வலது கை மடியில் கிடந்தது. தம்பி அவருக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அந்த வேலையில் அவனுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. முதலில் செயலிழந்த கை, பிறகு நல்ல கை. தாதி சொல்லிக்கொடுத்தாராம். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

அப்பா மறுபடி வேலைக்குப் போகவில்லை. தம்பி செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்குப் போனான். பிறகு சொந்தமாக ஒரு லாரி. நான் படித்து முடித்துக் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்தேன். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்தி அளப்பது வழக்கமாகிவிட்டது. "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதான். மூத்தவன் மாஸ்டர், இளையவன் லாரி." சொல்பவர் யாரும் கெட்டவர் இல்லை. நானும் தம்பிக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "அந்த ஒரு வருஷத்த விடுங்க, இல்லன்னா அவனும் படிச்சிருப்பான்" என்று சொல்லிவந்திருக்கிறேன். பல ஆண்டுகளாக, பல பந்திகளில்.

அந்த ஒரு வருஷத்தை விடுங்க.

மனிதர்களைப் பயிரோடு ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. காரணம் சுலபம். ஒரு லைனை ஒரே ஆண்டில் நாலு இடத்தில் விதைக்கலாம். 17 மல்லியில் என்ன செய்தது, தென்கிழக்கில் என்ன செய்தது என்று அருகருகே வைத்துப் பார்க்கலாம். தம்பி ஓர் இடத்தில்தான் இருந்தான், நானும் ஓர் இடத்தில்தான் இருந்தேன். அன்று வீட்டில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதற்கு எந்தப் பாத்தியிலும் பதில் இல்லை. அடிலெய்டுக்கு அவன் போயிருந்தால் என்பதற்கும் இல்லை. ஆனால் எது கணக்கு, எது கணக்கில் சேராது என்று தீர்மானிக்கிற கை என்னுடையது. அது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். அட்டவணையில் செய்ததைப் பேராசிரியர் பார்த்துவிட்டார். பந்தியில் செய்ததைக் கேட்க யாரும் இல்லை.

போன மாதம் அந்த ஓட்ஸ் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நான் தம்பிக்கு 17, 42 கதையைச் சொன்னேன். அவன் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கேட்டான். கணுக்கால் உயரத்துக் கதிர்களைச் சொன்னபோது சிரித்தான். "கொலை கீழ தொங்குற கண்ணு மரத்துல எங்களுக்கும் அதே பாடுதான் அண்ணே. கண்ணுக்குத் தெரியும், அரிவா போவாது." அப்புறம், விட்டுப்போனதைக் கேட்பவன்போல், "அது எந்த வருஷம்?" என்றான்.

"ரெண்டாயிரத்து ஆறு."

அவன் அடுப்பைக் குறைத்தான். ஈப்போவில் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த கடிதம் அந்த ஆண்டு வந்திருந்தது என்று சொன்னான். எனக்குத் தெரியாது. படிக்க வாய்ப்பு வந்திருக்கும் என்று பொதுவாக நினைத்திருந்தேனே தவிர, கடிதம் என்று ஒன்று இருந்தது தெரியாது. இயந்திரவியல். கடிதத்தை அப்பாவிடம் காட்டினானா என்று கேட்டேன். காட்டவில்லை, அப்பாவால் அப்போது பேச முடியாது, அழ மட்டும்தான் முடியும் என்றான். அம்மாவிடமும் சொல்லவில்லை. லாரியின் முன்பெட்டியில் கொஞ்ச நாள் இருந்தது, அந்த லாரியை விற்றபோது எடுக்க மறந்துவிட்டான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீ அந்த வருஷத்தப் பத்திக் கேட்டதே இல்லையே அண்ணே."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. மல்லியில் அந்த நிலத்துக்காரர், ஆடு மேய உதவும் என்று சொன்னாரே, ஏறக்குறைய அந்தக் குரல். பிறகு அவனே பேச்சைத் திருப்பினான். அந்த வருஷம் என்னென்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். மருத்துவமனைக்கு எந்தப் பேருந்து, அப்பாவைத் தூக்கி வைக்க எந்த அண்டை வீட்டார் வந்தார், முதல் மாதச் சம்பளத்தில் என்ன வாங்கினான், லாரியை முதல்முறை சகதியில் சிக்கவைத்தபோது யார் திட்டினார்கள். சில இடங்களில் சிரித்துச் சிரித்துச் சொன்னான். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

அம்மா உள்ளேயிருந்து, "என்னடா கருகுது?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா, ஆஸ்திரேலியா" என்றான் தம்பி.

17உம் 42உம் ரகமாகவில்லை. அதில் சோகம் ஒன்றும் இல்லை. வளர்க்கப்படும் லைன்களில் மிகப் பெரும்பாலானவை பெயர் வாங்காமலே போய்விடும். 42இன் தானியம் ஆலைக்காரர்கள் கேட்ட பருமனுக்கு வரவில்லை. 17ஐ மழை அதிகமுள்ள நிலத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிப் பார்த்தார்கள், அங்கே அதைவிட நல்லது ஒன்று வந்துவிட்டது. என் ஆய்வேட்டில் நாலு வயல்களும் இருக்கின்றன. நாலாவதற்குத் தனியாக ஓர் அத்தியாயம் எழுதினேன். பேராசிரியர் மற்ற அத்தியாயங்களைவிட அதைத்தான் கவனமாகப் படித்தார் என்று நினைக்கிறேன், ஓரத்தில் பென்சில் குறிகள் அதில்தான் அதிகம்.

அடிப்பிடித்த கஞ்சியைக் கொட்டிவிட்டுத் தம்பி புதிதாக ஓட்ஸ் அளந்து போட்டான். நான் வெங்காயம் உரித்தேன். "பெருசா நறுக்காதே, அம்மா ஒதுக்கி வச்சிருவாங்க" என்றான். சின்னதாக நறுக்கினேன்.